விரல் எந்தப் பக்கம் சாய்கிறது?

கேள்வி: மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்ததில் வலது கையில் சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள உள்ளங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் முறிந்துவிட்டது. காயம் இல்லை. கட்டுப் போட்டுப் பத்து நாள் ஆகிறது. முட்டி உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்காவிட்டால் கை விளங்காது என்று இணையத்தில் படித்தேன். நான் தையல்காரன். எண்ணெய் போட்டு உருவலாமா?
- வாசகர், பெகு

பதில்: கத்தரி பிடிப்பீர்கள், பயப்படாதீர்கள். இது அடிக்கடி பார்க்கிற முறிவு. பெரும்பாலும் கத்தி வைக்காமலே சேர்ந்துவிடும். முட்டி அப்படியே அமுங்கி நின்றுவிடலாம், ஆனால் பிடிப்புக்குப் பெரிய குறை வராது. சுண்டுவிரல் எலும்பு அடிமூட்டில் நன்றாக அசையும். வளைவை அது ஈடுகட்டிவிடும். இதுவே ஆள்காட்டி விரல் என்றால் இவ்வளவு தாராளமாகச் சொல்ல மாட்டேன்.

பார்க்க வேண்டியது வேறு. எலும்பு ஒட்டும்போது விரல் திரும்பிக்கொண்டிருக்கிறதா? எக்ஸ்ரேயில் இது சரியாகத் தெரியாது. விரலை நீட்டி வைத்தாலும் பல நேரம் தெரியாது. மடக்கினால்தான் தெரியும். கட்டை நீங்களே அவிழ்க்காதீர்கள். கட்டுப் போட்ட மருத்துவரிடம் போய், கழற்றி, விரலை மெதுவாக மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மடங்கினாலே போதும். விரல் நுனிகள் எல்லாம் கட்டைவிரல் பக்க மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். இடது கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சுண்டுவிரல் மோதிர விரலுக்கு அடியில் நுழைந்தால் அது தானாகச் சரியாகாது. எலும்பில் 5 டிகிரி திருப்பம் இருந்தாலே நுனியில் சுமார் 1.5 சென்டிமீட்டர் விலகிவிடும். அந்தக் கையால் துணியைக் கொத்தாகப் பிடிக்க முடியாது. இப்போது கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. நன்றாக ஒட்டிய பிறகு என்றால் எலும்பை மறுபடி வெட்ட வேண்டும். இந்த வாரமே போங்கள்.

எண்ணெய் போட்டு உருவவே கூடாது. ஒட்ட ஆரம்பித்த எலும்பை அசைத்துத் திருப்புகிற வேலை அது. மருந்துக் கடையில் கலந்து பொட்டலமாகக் கட்டித் தரும் வலி மாத்திரையும் வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பாரசிட்டமால் போதும்.

பொதுவாக 3 அல்லது 4 வாரத்தில் கட்டை எடுத்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அதன் பிறகும் மாதக்கணக்கில் தெரியலாம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கட்டு எடுத்தவுடன் விரல்களை அசைக்கத் தொடங்குங்கள். வலிக்குமே என்று கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தால் மூட்டு இறுகிவிடும், அதைத் திரும்ப இளக்குவதுதான் பெரும்பாடு. ஊசிநூல் வேலையை அப்போதே தொடங்கலாம். தடித்த துணி வெட்டுவது மட்டும், அப்புறம் பாரம் தூக்குவது, 6 வாரம் கழித்து மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு.