ஆங்கிலத்திலும் போர்த்துகீசியத்திலும் எதிராளி ஏற்கும்படி உறுதியாக வாதிடுவது எப்படி?

இரு மொழிகளிலும் போதுமான சொற்கள் தெரிந்திருந்தும் வாதம் எடுபடுவதில்லை என்கிறீர்கள். "ஆகவே", "இருப்பினும்" போன்ற இணைப்புச் சொற்களின் பட்டியலை நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள், நான் செய்திருந்தேன்.

தாமதமான ஒரு பணியைப் பற்றி, போர்த்துகீசியம் பேசும் வாடிக்கையாளரிடம் இருபது நிமிடம் காரணங்களை அடுக்கிவிட்டு, முத்தாய்ப்பாக "எவெண்டுவல்மென்டே" ஒப்படைத்துவிடுவோம் என்றேன். ஆங்கிலத்தின் "இவென்சுவலி"யை மனத்தில் வைத்து, எப்படியும் முடித்துவிடுவோம் என்ற பொருளில் சொன்னேன். போர்த்துகீசியத்தில் அதற்கு "ஒருவேளை" என்று பொருள். அவர் புருவத்தை உயர்த்தி அதே சொல்லைக் கேள்வியாகத் திருப்பிக் கேட்க, நான் மேசையைத் தட்டி, இன்னும் அழுத்தமாக அதையே மறுபடியும் சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது "செம் ஃபால்டா", அதாவது தவறாமல். யோசித்துப் பார்த்தால், ஆங்கிலத்தில் பேசியிருந்தாலும் "இவென்சுவலி" என்பது நாள் குறிக்காத வாக்குறுதிதான்; ஒரு தேதியைச் சொல்லியிருந்தால் மேசையைத் தட்ட வேண்டியிருந்திருக்காது. வட்டார வேறுபாடு என்று யாரும் திருத்த வர வேண்டாம்: பிரேசில், போர்த்துகல் இரண்டிலும் அந்தச் சொல்லின் பொருள் இதுதான்.

ஆங்கிலம் தெரிந்தால் போர்த்துகீசியம் பாதி தெரிந்தது போலத்தான் என்று எனக்குக் கற்பித்தவர்மீது இன்றும் வருத்தம் உண்டு. அந்தப் பாதியில்தான் கண்ணிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தின் "பிரிடெண்ட்" போல ஒலிக்கும் "பிரெடெண்டேர்" என்றால் நடிப்பதல்ல, எண்ணியிருப்பது.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் "ஐ டோன்ட் திங்க்" என்று மறுத்தாலும் பின்வரும் வினை மாறுவதில்லை. போர்த்துகீசியத்திலோ "நினைக்கிறேன்" என்பதற்குப் பின் "எ" (ஆங்கிலத்தின் "இஸ்") என்று வரும் வினை, "நினைக்கவில்லை" என்றதும் "செஜா" என்று ஐயத்தைக் காட்டும் வடிவத்துக்கு மாறிவிடும். "எம்போரா", அதாவது "என்றாலும்", என்று தொடங்கி எதிராளியின் கருத்தை ஓரளவு ஒப்புக்கொள்ளும்போதும் அதே வடிவம்தான் வர வேண்டும். அங்கே தடுமாறினால், விட்டுக்கொடுப்பது போலத் தொடங்கி மடக்க நினைத்த வாக்கியம் பாதியிலேயே வலுவிழந்துவிடும்.

அந்த வாடிக்கையாளர் இப்போதும் எங்களுடன்தான் இருக்கிறார். நான் எந்தத் தேதியைச் சொன்னாலும், சிரிக்காமல், "செம் ஃபால்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்.