ஊசிக்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. ஒரு வயதில் காது குத்த நாள் குறித்தோம். அப்போது அவளுக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப்போனது, அப்படியே நின்றுவிட்டது. வருகிற பங்குனியில் குலதெய்வக் கோயிலில் குத்தியே ஆகவேண்டும் என்கிறார் மாமியார். இனியும் விட்டால் காது முற்றிவிடுமாம். மகளோ ஒரு நாள் ஜிமிக்கி கேட்கிறாள், மறுநாள் ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். இப்போதே குத்தலாமா, காத்திருக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாமியாரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தோடு போடும் இடத்தில் குருத்தெலும்பு கிடையாது, தோலும் கொழுப்பும்தான். அது 5 வயதிலும் முற்றாது, 50 வயதிலும் முற்றாது. கல்லூரிப் பெண்கள் இரண்டாவது துளை போட்டுக்கொள்வதை அவரும் பார்த்திருப்பார். ஆனால் இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது காயம் ஆறிய இடம் தடித்துப் புடைத்து வளர்ந்ததுண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், தோல் மருத்துவரிடம் கேட்காமல் குத்தவேண்டாம்.

இனி உங்கள் மகள். ஜிமிக்கி வேண்டும் என்பது ஆசை. வலிக்கும் என்று தெரிந்தும் சரி என்று சொல்வதுதான் சம்மதம். என் மகளுக்கு நாலரை வயதில் குத்தினோம். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று நானே சொல்லி, என் அண்ணன் மடியில் உட்கார வைத்தேன். வலது காதில் ஊசி இறங்கியதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இடது காதுக்கு நான்கு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. அந்த இழுபறியில் துளையும் சற்று மேலேறிவிட்டது. பிறகு பல வருஷம், தடுப்பூசிக்குக் கூட்டிப்போனால் "பொய் சொல்லாதேம்மா" என்றுதான் கிளம்புவாள்.

அதனால் உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு காதிலும் சுருக்கென்று வலிக்கும், கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் 6 வாரம் தோட்டைக் கழற்றக்கூடாது, திருகி விளையாடக்கூடாது. இதையெல்லாம் கேட்ட பிறகும், வெவ்வேறு நாளில் கேட்டாலும் சரி என்கிறாளா என்று பாருங்கள். ஒரு வாரம் ஸ்டிக்கர் தோடு ஒட்டிவிட்டால், அவள் கை அடிக்கடி காதுக்குப் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். காந்தத் தோடு மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து.

5 வயதில் போடவேண்டிய டிபிடி பூஸ்டர் போட்டாயிற்றா? இல்லையென்றால் அதை முதலில் முடியுங்கள், ரணஜன்னிக்குப் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. கோயிலில் ஆசாரி குத்துவதாக இருந்தால், வரிசையாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஊசி என்பதற்கு ஒப்பவே ஒப்பாதீர்கள். உறை பிரிக்காத புது ஊசி, சோப்புப் போட்டுக் கழுவிய கை, குத்தும் முன்பே இரண்டு காதிலும் பேனாவால் சமமாக வைத்த புள்ளி, இவை மூன்றும் அவசியம். மருத்துவரிடம் போனால் மரத்துப்போகும் களிம்பு கிடைக்குமா என்று கேளுங்கள். குத்துவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவவேண்டும்.

முதல் தோடு சின்னதாக, 22 காரட் தங்கமாக இருக்கட்டும். கவரிங்கில் நிக்கல் கலந்திருந்தால் புண்ணாகும். திருகாணியை இறுக்காதீர்கள், காது வீங்கும்போது அது சதைக்குள் புதையும். அப்படிப் புதைந்தாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். மற்றபடி தினமும் கை கழுவிவிட்டு, ஆறவைத்த வெந்நீரில் கொஞ்சம் உப்பு கரைத்துத் துடைத்தால் போதும். மஞ்சள் அப்பவேண்டாம்.

பங்குனிக்குள் அவள் சரி என்றால் மாமா மடியிலேயே நடக்கட்டும், அது அவளுக்கும் தைரியம்தான். இல்லையென்றால், கோயிலில் பொங்கலையும் பூஜையையும் குறையில்லாமல் செய்துவிட்டு, காதுக்கு மட்டும் மாமியாரிடம் தவணை கேளுங்கள். சீர் கொண்டுவரும் உங்கள் அண்ணனையோ தம்பியையோ விட்டுப் பேசச் சொன்னால் இன்னும் எடுபடும்.

ஒரு காது முடிந்ததும் அவள் வேண்டாம் என்று கத்தினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒற்றைத் தோட்டோடு படம் எடுத்தால் எடுத்ததுதான். மற்றதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.