ரயிலில் சிபேப் இயந்திரம்: கன்வெர்ட்டர் வேண்டாம், பேட்டரி வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் இயந்திரம் இல்லாமல் தூங்கக்கூடாது என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், மூன்றடுக்கு ஏ.சி.யில் டெல்லி போகிறோம். ரயிலில் 110 வோல்ட்தான் வரும், ரூ.6,500 கொடுத்துக் கன்வெர்ட்டர் வாங்கினால்தான் இயந்திரம் ஓடும் என்கிறார் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்காரர். வாங்கலாமா?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்தைப் பேட்டரிக்கு வையுங்கள்.

110 வோல்ட் என்பது நிஜம். ஆனால் இயந்திரத்தோடு வந்த அடாப்டரைத் திருப்பி, அதில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். '100–240' என்று போட்டிருந்தால் 110-லும் ஓடும். இப்போது விற்பவை பெரும்பாலும் அப்படித்தான். இது கடைக்காரருக்கும் தெரியும். பயந்து வருகிறவர்களிடம் ஒரு பெட்டியைச் சேர்த்து விற்பது சுலபம், அவ்வளவுதான். போதாததற்கு, கன்வெர்ட்டர் 110-ஐ வீட்டில் வருவதுபோல் 230 வோல்ட் ஆக்கித் தருகிறதே என்று பக்கத்து சீட்காரர் கெட்டிலைச் செருக வருவார். செல்போனுக்காகப் போட்ட பாயிண்ட் அது. கெட்டிலுக்கு ரயிலில் தடையும் இருக்கிறது.

உங்கள் பிரச்சினை வோல்ட் அல்ல, நேரம். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டுகளை அணைத்துவைக்க வேண்டும் என்பது உத்தரவு. தீ விபத்துக்குப் பயந்து 2014-லேயே ரயில்வே வாரியம் சொன்னது. 2021-ல் மறுபடி கண்டிப்பு காட்டினார்கள். அப்பாவுக்கு மூச்சுக்காகக் கரண்ட் வேண்டிய நேரமும் அதேதான்! சில ரயில்களில் அணைக்கிறார்கள், சிலவற்றில் விட்டுவிடுகிறார்கள். எதில் எப்படி என்று டிக்கெட்டில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

'இது எஞ்சினிலிருந்தே கரண்ட் வரும் ரயில், ராத்திரி முழுக்க இருக்கும்' என்று டிக்கெட் ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். முன்பு எல்.எச்.பி. என்ற நவீன வகைப் பெட்டிகள் கொண்ட ரயில்களின் இரு முனைகளிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி இரைந்துகொண்டே வரும். இப்போது பெரும்பாலும் எஞ்சினே மேல்கம்பியின் 25,000 வோல்ட்டை வாங்கி, 750 ஆக்கிப் பின்னால் அனுப்புகிறது. பெட்டியிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர்கள் அதை ஏ.சி.க்கு 415 ஆகவும், பாயிண்டுக்கு 110 ஆகவும் குறைக்கின்றன. கரண்ட் எங்கிருந்து வந்தாலும் பாயிண்டை அணைக்கும் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கிறது.

எஞ்சின் கரண்டில் இன்னொரு விஷயமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மேல்கம்பிக்குப் பல துணை மின்நிலையங்கள் கரண்ட் கொடுக்கின்றன. ஒன்றின் ஃபேஸும் அடுத்ததன் ஃபேஸும் ஒட்டக்கூடாது என்பதால் நடுவே கொஞ்ச தூரம் கரண்டில்லாத கம்பி. நியூட்ரல் செக்‌ஷன் என்பார்கள். அது வரும்போது டிரைவர் பிரேக்கரைத் திறந்து கரண்டைத் துண்டித்துவிடுவார், ரயில் ஓடுகிற வேகத்திலேயே தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஏ.சி. காற்று சட்டென்று நிற்கும், பேட்டரியில் எரியும் அவசர விளக்கு மட்டும் இருக்கும், பாயிண்டிலும் கரண்ட் இருக்காது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆனால் எல்லா சிபேப்பும் தானாகத் திரும்ப ஓடாது. சிலவற்றில் பட்டனை அழுத்த வேண்டும். டெல்லி போவதற்குள் இது பலமுறை நடக்கும். பழுதல்ல, ஏ.சி. மெக்கானிக்கோடு சண்டை வேண்டாம்.

ஆகவே இரவில் பேட்டரி, பகலில் அதற்கு சார்ஜ். பேட்டரி விற்பவர் '20,000 எம்.ஏ.எச்.' என்று மயக்குவார். 3.7 வோல்ட் கணக்கில் அது வெறும் 74 வாட்-ஹவர். நீங்கள் கேட்க வேண்டியது, பேட்டரி மொத்தம் எவ்வளவு மின்சக்தி தரும் என்று காட்டும் வாட்-ஹவர்தான். ஈரப்பதம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை அணைத்தால் தேவை வெகுவாகக் குறையும். அணைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அணைத்தபின் 150 வாட்-ஹவர் பெரும்பாலானவர்களுக்கு ஓர் இரவு தாங்கும். வோல்ட்டும் இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும்: சிலது 12, சிலது 24. தவறானதைச் செருகினால் இயந்திரமே போய்விடும், அதனால் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் கேபிளையே வாங்குங்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டில் ஓர் இரவு முழுக்க அப்பாவைப் பேட்டரியிலேயே தூங்கச் சொல்லுங்கள். விடியுமுன் நின்றுவிட்டால் இன்னொரு பேட்டரி வாங்க நாள் இருக்கும்.