கடற்கரை மணலில், மிதிபட்டாலும் தாங்கும் புல் எது?

கேள்வி: ராஜாக்கமங்கலம் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் எங்கள் தென்னை விளை இருக்கிறது. வீட்டு முன்னால் ஐந்து சென்ட் வெறும் மணல். பிள்ளைகள் தினமும் அதில்தான் பந்து விளையாடுகிறார்கள். விசேஷம் என்றால் பந்தலும் அங்கேதான். கிணற்றுத் தண்ணீர் பங்குனி, சித்திரையில் லேசாக உப்புக் கரிக்கும். நர்சரியில் கொரியன் புல் போடச் சொல்கிறார்கள். அதற்கு முன் நாலு லோடு செம்மண் அடிக்க வேண்டுமாம். செய்யலாமா ஐயா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

கொரியன் புல் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஊசி மாதிரி இலை, மெத்தை மாதிரி மேடு மேடாக எழும்பும். ஆனால் அது மிக மெதுவாக வளரும் புல். ஓடும் காலில் ஒரு இடம் பிய்ந்தால் அது மூடப் பல மாதம் ஆகும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்குத்தான் அது லாயக்கு. பந்து விளையாடும் முற்றத்துக்கு ஆகாது.

உங்களுக்குத் தேவை அருகு. 'ஆல் போல் தழைத்து அருகு போல் வேரூன்றி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதே அருகம்புல்தான். அதன் தண்டு தரைமேலும் ஓடும், மண்ணுக்குள்ளும் ஓடும். மேலே இருப்பதைக் கால் அரைத்துவிட்டாலும் உள்ளே இருக்கும் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். கோடையில் காய்ந்து பழுப்பாகிப் போனதும் ஒரு மழைக்குப் பச்சை பிடிக்கும். மண்ணின் உப்பைக் காட்டும் அளவு, அதாவது இ.சி. (மின்கடத்துத் திறன்), 6 டெசிசீமன்ஸ்/மீட்டர் வரை பெரிதாகச் சோராது. உங்கள் கிணறு லேசாகத்தான் கரிக்கிறது என்றால் போதும். ஆனாலும் சித்திரையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண் பரிசோதனை நிலையத்திலோ காட்டிவிடுங்கள். மழைக்காலத்துத் தண்ணீரைக் கொடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் முடிவு வரும்!

உப்பு மிக அதிகமாக இருந்தால் கடலோர கோல்ஃப் மைதானங்களில் போடும் பாஸ்பாலம் புல்லைத் தேட வேண்டியிருக்கும். இல்லையென்றால் அருகே போதும். மணிலா புல்லும் உப்பையும் மிதியையும் தாங்கும், ஆனால் தரை மூட ஆறு மாதத்துக்கு மேல் பொறுமை வேண்டும்.

அருகுக்கு ஒரே குறை, நிழல் ஆகாது. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தென்னை மூட்டுப் பக்கம் அது மெலிந்துதான் போகும். அங்கே அகல இலை எருமைப்புல் வைக்கலாம். நிழலும் உப்பும் தாங்கும், மிதி தாங்காது.

சரி, செம்மண் விஷயம். மணல் என்றாலே குறை என்று நினைக்கிறோம். நல்ல கால்பந்து மைதானங்களை அடியில் மணல் பரப்பித்தான் கட்டுகிறார்கள். எவ்வளவு மிதித்தாலும் மணல் இறுகாது, தண்ணீர் தேங்காது. அந்த வசதி உங்களுக்குக் காசில்லாமல் கிடைத்திருக்கிறது. அதன்மேல் செம்மண்ணைத் தட்டினால் வேர் அந்த மேல் அடுக்கிலேயே நின்றுவிடும், மழையில் சேறு, வெயிலில் சிமெண்ட். போதாததற்கு லோடோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும். கோரை வந்த முற்றத்தைச் சுத்தம் செய்வதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

அதற்குப் பதில், ஐந்து சென்ட்டுக்கு அரை டன் நன்றாக மக்கிய தொழு உரத்தை மேல் அரை அடி மணலோடு கலந்து கொத்திவிடுங்கள். மக்கிய தென்னை நார்க் கழிவும் சேர்க்கலாம், ஈரம் பிடிக்கும். ஆனால் உப்பு நீரில் ஊறவைத்த மட்டையின் கழிவாக இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாமல் போடாதீர்கள்.

நாற்றுக்கு அலைய வேண்டாம். உங்கள் கடற்புரத்தில் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பந்து விளையாடும் மைதானம் இருக்கும். அதன் ஓரத்தில் மிதிபட்டும் பச்சையாக, தரையோடு படிந்து, சிறிய இலையோடு நிற்கும் அருகைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காற்றுக்கும் உப்புக்கும் மிதிக்கும் பரீட்சை எழுதிப் பாஸானது அது. வயல் வரப்பில் நெட்டையாக வளர்வதை விட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, முக்கால் அடி இடைவெளியில் சிறு சால் கீறி, அதில் வரிசையாகக் கிடத்தி, நுனி வெளியே தெரிய மண் அணைத்து மிதித்துவிடுங்கள். வைகாசிக் கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர்ச் செலவு பாதி மிச்சம். முதல் இரண்டு வாரம் மண் காயவே கூடாது. தரை மூட இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை பந்து உள்ளே வரக் கூடாது. பிள்ளைகளிடம் சொல்வதுதான் இதில் கஷ்டமான வேலை.

வேர் பிடித்தபின் தினமும் தெளிக்கும் பழக்கம் வேண்டாம், வேர் மேலேயே நின்றுவிடும். கோடையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 2,400 லிட்டர். ஐந்து சென்ட் ஏறக்குறைய 200 சதுர மீட்டர், அதில் இது 12 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மணலில் உரம் நிற்காது. அதனால் வளரும் பருவத்தில் மாதம் 1 கிலோ யூரியாவும் அரை கிலோ பொட்டாஷும் தூவி உடனே நீர் பாய்ச்சுங்கள். கிணறு கரிக்கும் மாதங்களில் சாதாரண பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் பொட்டாஷ். சிப்பி கலந்த மணலில் இளம் இலை வெளுத்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் சரியாகும்.

மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். மாசி பிறந்ததும் ஐந்துக்கு உயர்த்துங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கடலைப் பார்த்த ஓரத்தில் அடப்பங்கொடியோ இராவணன் மீசையோ இருந்தால் குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள், மணல் பறந்து வந்து புல்லை மூடாமல் தடுப்பது அவைதான். கேட்டிலிருந்து நடைக்கு வரும் வழியில் எந்தப் புல்லும் நிற்காது, அங்கே கல் பதித்துவிடுங்கள். அப்புறம், கோல் கம்பங்களை நிரந்தரமாக நடாமல் கழற்றி மாற்றும்படி வையுங்கள். மாதம் ஒரு முறை இடம் மாற்றினால், தேய்ந்த பழைய இடத்தை அருகு தானே மூடிக்கொள்ளும்.