இலை மஞ்சளாவதற்குக் காரணம் சாம்பல்தான்

வணக்கம். தொட்டியிலுள்ள புளூபெர்ரிச் செடியின் இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடாகவே தோன்றுகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும், மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் இச்செடியின் வேர் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் நல்லெண்ணத்தோடு இட்ட மரச்சாம்பல் அந்த அளவை உயர்த்திவிடும். புளூபெர்ரி வளர்ப்பின் முன்னோடியான எலிசபெத் வைட் 1916-இல் முதன்முதலாகத் தோட்டத்தில் விளைந்த புளூபெர்ரிப் பழங்களை விற்பனைக்கு அனுப்பியதும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள அமிலம் மிகுந்த மணல் நிலத்திலிருந்துதான். ஆகவே சாம்பலை நிறுத்திவிட்டு, பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய, அமிலமுள்ள பாசி) பைன் பட்டைத்தூளும் கலந்த கலவைக்குச் செடியை மாற்றி, இயன்றவரை மழைநீரையே ஊற்றுங்கள். பி.எச். அளவைக் குறைக்கக் கந்தகத்தூளும் உதவும், ஆனால் பலன் தெரியச் சில மாதங்களாகும். அதற்காக வினிகர் ஊற்றினால் அதன் பலனோ நிலைக்காது.