தம்பி வாரத்துக்கு எத்தனை பந்து போடுகிறான்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 15 வயது. வலது கை வேகப்பந்து. திங்கள் முதல் வியாழன் வரை பாடசாலைப் பயிற்சி, சனி ஞாயிறு காலையில் தனியார் பயிற்சி, ஒவ்வொரு பயிற்சியிலும் ஏறக்குறைய 60 பந்து. வெள்ளியும் ஞாயிறு பின்னேரமும் உப்புவெளிக் கடற்கரையில் மென்பந்து, அதில் ஒவ்வொரு முறையும் ஒரு 30. மூன்று கிழமையாகக் கீழ் முதுகில் இடப்பக்கம் வலி. வலைப் பயிற்சியில் அச்சொட்டாகப் போடுபவன் போட்டியில் வைட்டாகக் கொட்டுகிறான். "உடம்பு தேற விடியவே மணலில் ஓடச் சொல்கிறார்கள். ஜிம்முக்கும் விடலாமா? மனசைத் திடப்படுத்த என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

ஓட்டமும் ஜிம்மும் இருக்கட்டும், முதலில் முதுகைப் பார்ப்போம். வலது கையால் வீசுகிறவனுக்கு இடப்பக்கம் மட்டும் வலிக்கிறது, வீசிய பிறகு கூடுகிறது என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று தைலம் பூசிவிட்டு இருக்க முடியாது. வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் வரும் நுண்ணிய வெடிப்பு, பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வரும். முன்கால் தரையில் அறையும் அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. அந்த மூன்றும் ஒரே இடத்தில் போய் நெரிக்கின்றன.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தம்பியை இடது காலில் மட்டும் நிற்கவைத்து, மெதுவாகப் பின்னால் வளையச் சொல்லுங்கள். அந்த இடம் சுரீர் என்றால் அன்றோடு பந்துவீச்சை நிறுத்திவிடுங்கள். வலிக்கவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. எப்படியிருந்தாலும் எலும்பு வைத்திய நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். அதனால் "எக்ஸ்ரே கிளியர்" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்துவிடாமல், பந்து வீசுகிற பிள்ளை என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி கணக்கு. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். பாடசாலையில் 240, தனியாரிடம் 120, கடற்கரையில் 60. கிழமைக்கு 420 பந்து, அதாவது 70 ஓவர். ஏழு நாளில் ஓய்வு ஒரு நாள்கூட இல்லை. 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை வைத்திருந்த வரம்பு தெரியுமா? தொடர்ச்சியாக 6 ஓவர், நாளொன்றுக்கு 12 ஓவர், அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது, ஏழு நாளில் நான்கு நாள்தான். உச்சமாக எடுத்தாலும் 288 பந்து. அது போட்டிகளை மனதில் வைத்துச் சொன்னது என்பார்கள். முதுகெலும்புக்குப் போட்டியும் வலையும் ஒன்றுதான்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாடசாலைப் பயிற்றுநருக்குத் தனியார் கணக்குத் தெரியாது, அவருக்கு இவர் கணக்குத் தெரியாது, கடற்கரைக் கணக்கு ஒருவருக்கும் தெரியாது. நானும் 16 வயதில் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீசியவன்தான். அடுத்த பருவம் முழுக்க எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஓட்டக் கணக்கு எழுதினேன்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை பந்து, வலி பத்துக்கு எத்தனை, இரவு எத்தனை மணி நேரம் நித்திரை. இவ்வளவுதான். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். இரவு ரியூசன் முடிந்து வந்து போனோடு படுக்கிற பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கப்போகிறது. மாதம் ஒரு முறை கதவு நிலையில் உயரத்தைக் கோடு போட்டு வையுங்கள். கிடுகிடுவென்று வளரும் மாதங்களில் எலும்பு முன்னே ஓடும், தசை பின்னாலே வரும். அப்போது பந்தைக் குறைக்க வேண்டும்.

கடற்கரை ஓட்டம். திருகோணமலையில் பிறந்துவிட்டு அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் அலை நனைத்த ஓரம் சரிவானது. ஒரே திசையில் மூன்று கிலோமீற்றர் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும்தான் ஓடும், இடுப்பு கோணிக்கொள்ளும். போன தூரம் அப்படியே திரும்பி வரவேண்டும். பொல பொல என்ற மணலில் கெண்டைக்காலும் குதிநரம்பும் நன்றாக உழைக்கும், ஆனால் கட்டாந்தரையில் முன்கால் அறைவதைத் தாங்க அது பழக்காது. அதுவும் கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

பந்துவீச்சுக்கு வேண்டிய ஓட்டம் வேறு. முதுகுக்கு வைத்தியர் சரி சொன்ன பிறகு ஏகாம்பரம் மைதானத்தின் புல்லில் 20 மீற்றர் வேகமாக ஓடி, நடந்து திரும்பி, மறுபடி ஓடச் சொல்லுங்கள். ஆறு முறை. அது ஒரு ஓவர். பிறகு நான்கு நிமிடம் களத்தடுப்பில் நிற்பது போல நடமாட்டம், மறுபடி ஆறு. நான்கு "ஓவரில்" தொடங்கலாம்.

ஜிம்முக்குப் போனால் வளர்த்தி நின்றுவிடும் என்பது வீண் பயம். பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் பயமில்லை. ஆனால் இப்போதைக்கு வீட்டு விறாந்தை போதும்: பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது), பக்கவாட்டு பிளாங்க், ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்தெழுதல். கிழமைக்கு இரண்டு நாள், 25 நிமிடம். எதிலும் முதுகு வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மூருக்கென்று ஒரு ஏமாற்று உண்டு. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், பிள்ளை "எனக்கு வேர்க்கவேயில்லை" என்பான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 50 கிலோ பிள்ளை ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லீற்றர் போய்விட்டது என்று அர்த்தம். இளநீரோ, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ, நாள் முழுக்க ஆட்டமென்றால் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலோ கொடுக்கலாம்.

அப்புறம் மனசு. வலையில் 60 பந்து போடுகிறவன் எதையும் தீர்மானிக்காமல் போடுகிறான். தவறினால் அடுத்தது கையில் இருக்கிறது. போட்டியில் அடுத்த பந்துக்கு முன்னால் பவுண்டரி போயிருக்கும், வெளியே நின்று மாமா "வைட் போடாதேடா!" என்று கத்துவார். அந்தச் சொல் வைட்டைத்தான் ஞாபகப்படுத்தும். (மாமாமார் தேநீர்க் கடைப் பக்கம் நின்று பார்ப்பது அணிக்கு நல்லது.)

திரும்ப வீசத் தொடங்கும்போது நாளுக்கு 36 பந்துக்கு மேல் வேண்டாம். துடுப்பாட்டக்காரன் பக்க ஸ்டம்பிலிருந்து 6, 7 மீற்றரில் பழைய செருப்பு ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஓட்டம் தொடங்கும் குறியில் நின்று, மூச்சை நீளமாக வெளியே விட்டு, எங்கே விழ வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு ஓட வேண்டும். துடுப்பாட்டக்காரனுக்கு "கடைசி ஓவர், எட்டு ஓட்டம்" என்று சொல்லி வையுங்கள். தோற்றவர் வலையைச் சுருட்ட வேண்டும். வைட் எந்தப் பந்தில் வருகிறது என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். முதல் ஓவரிலா, பவுண்டரி போன பிறகா? முதலாவதென்றால் சூடேற்றும் ஓட்டம் போதவில்லை, இரண்டாவதென்றால் அவசரப்பட்டுத் திரும்பி நடக்கிறான்.

பருவம் தவறிவிடுமே என்று தம்பி அழுவான். பற் கமின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், ஜொகன்னஸ்பேர்க்கில் முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தவர். முதுகும் மற்றக் காயங்களும் படுத்தி, அடுத்த டெஸ்டை 2017 மார்ச்சில்தான் ஆடினார், பின்பு அவுஸ்திரேலிய அணியின் தலைவராகவும் வந்தார். மாலிங்கவும் கடற்கரையில் ஆடித்தானே வந்தார் என்று கேட்பான். உண்மைதான், முழங்கால் தாங்காமல் 27 வயதில் டெஸ்டை விட்டவரும் அவர்தான்.

உப்புவெளியை முழுக்க நிறுத்த வேண்டாம். வைத்தியர் மறுக்காவிட்டால் துடுப்பெடுத்து ஆடட்டும், பந்து போடக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டு போங்கள். எப்போதிருந்து வலி, எவ்வளவு போட்டான் என்றுதான் வைத்தியர் முதலில் கேட்பார்.