தள எண் மாறினால் ஆளும் மாறுவான்

கேள்வி: கடனாளிகள் பரிசுப் பணத்துக்காக விளையாடி, தோற்றால் சுட்டுக் கொல்லப்படுகிற கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’. அதில் பாதியில் ஓட்டெடுப்பு நடத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போனவர்கள் தாங்களாகத்தானே திரும்பி வந்தார்கள்? ‘தி பிளாட்ஃபார்ம்’ படத்தில் அடுக்கடுக்கான தளங்கள் கொண்ட சிறைக்குள் ஒரே சாப்பாட்டு மேசை மேலிருந்து கீழே இறங்கும்; மேல்தளத்தார் தின்ற மிச்சம்தான் கீழ்த்தளத்தாருக்கு. அங்கும் மேலே இருப்பவன் அளவாகத் தின்றால் கீழே வரை சோறு போகும், செய்கிறானா? மனிதப் புத்தியே இப்படி இருக்க, முதலாளித்துவத்தைத் திட்டி என்ன பயன்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: வெளியே போன 201 பேரில் 187 பேர் திரும்பினார்கள், உண்மைதான். நடுவில் அவர்கள் வீட்டில் இருந்த அத்தியாயத்தைத் தள்ளி ஓட்டிவிட்டீர்களோ? கடன், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, முதலாளி தராத சம்பளம் எல்லாம் அதில்தான் வருகின்றன. உள்ளே துப்பாக்கி, வெளியே வட்டி.

ஒருநாள் விடியுமுன் மதுரைக்கு வந்து மார்க்கெட் பக்கம் நில்லுங்கள். இருட்டோடு 900 ரூபாய் வாங்கும் தள்ளுவண்டிக்காரர், பொழுது சாயும்போது 1000 ரூபாயாக எண்ணி வைக்கவேண்டும். மழை பெய்து வெண்டைக்காய் விற்காமல் போனாலும் அதே 1000தான். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று நம்மூரில் வட்டிக்கு இருக்கும் பெயர்கள் சொந்தபந்தத்துக்குக்கூட இல்லை. (கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-இல்!) மறுநாள் காலையிலும் அவர் அதே இடத்தில் வந்து நிற்பார். தாமாகத்தான்.

சரி, ‘தி பிளாட்ஃபார்ம்’ படத்துக்கு வருவோம். 2019-இல் வந்த ஸ்பானியப் படம். 48-ஆம் தளத்தில் நாயகனோடு இருக்கும் கிழவர் சாவகாசமாகக் கதை பேசுகிறார். மாதம் முடிந்ததும் இருவரையும் 171-ஆம் தளத்துக்குத் தள்ளுகிறார்கள். நாயகன் கண்விழித்தால் கட்டிலோடு கட்டிக் கிடக்கிறான். அவன் சதையை அறுத்துத் தின்னக் கத்தியோடு காத்திருக்கிறார் கிழவர். அவர் புத்தி ஒரே ராத்திரியில் மாறிவிட்டதா, தள எண் மாறிவிட்டதா? எண் போடுகிறவன் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உச்சியில் ஒரு சமையலறை காட்டுவார்களே, நினைவிருக்கிறதா? இனிப்பில் ஒரு முடி கிடந்ததற்குச் சமையல்காரர்களை நிறுத்தி விசாரணை நடக்கும். கீழே எத்தனை பேர் பட்டினி என்று விசாரிக்க அங்கே ஆளில்லை.

ஆனால் இந்த மாதிரிப் படங்கள்மீது எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதே படத்தில் ஓர் அம்மாள், கீழ்த்தளத்துக்காரர்களிடம் அளவாகச் சாப்பிடச் சொல்லித் தினமும் கெஞ்சுகிறாள். யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டில் அசிங்கம் பண்ணிவிடுவேன் என்று நாயகன் மிரட்டிய பிறகுதான் வழிக்கு வருகிறார்கள். நல்லவர் என்றால் கையாலாகாதவர் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள்.

மேலே இருப்பவன் கணக்குப் போட, கீழே இருப்பவன் பட்டினி கிடப்பதையும், நல்லவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்காததையும் நம்மூரே பார்த்திருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சம். விலையில் அரசு கைவைக்கக் கூடாது, வியாபாரம் தானே சரிசெய்துகொள்ளும் என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டவர், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அந்தக் கணக்கைப் போட்டது பசித்தவனின் புத்தி இல்லையே. அப்போது மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, நகைநட்டு, வீடு வாசல் எல்லாவற்றையும் விற்றுக் கஞ்சித்தொட்டி வைத்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் அடுப்பு எரிந்த நாட்களிலும் இந்தியத் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது.